300 கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரமா?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், விமான நிறுவனங்களின் இயக்கப் பிரிவில் டிஸ்பாட்சராக, அதாவது ஒவ்வொரு பயணத்துக்கும் தரையிலிருந்து திட்டம் போட்டுக் கொடுப்பவராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த இதழில் சிறிய விமான நிலையங்கள், அவற்றுக்கு இடையிலான தூரம், நேரம்.

கேள்வி: நான் போக வேண்டிய இரண்டு சிறிய விமான நிலையங்களுக்கு இடையே தூரம் 300 கி.மீ. என்று இணையத்தில் பார்த்தேன். பறக்கும் நேரம் 52 நிமிடம் என்று அதே பக்கத்தில் போட்டிருந்தது. இன்னொரு தளம் 23 நிமிடம் என்கிறது. டிக்கெட்டில் இருப்பதோ 1 மணி 15 நிமிடம். இதில் யாரை நம்புவது?
— வேலை நிமித்தம் அடிக்கடி பறக்கும் வாசகி

பதில்: டிக்கெட்டை நம்புங்கள். மற்ற இரண்டும் வெறும் வகுத்தல் கணக்கு. 300-ஐ மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்தால் 22 நிமிடம் 30 விநாடி வரும். அதை முழு எண்ணாக்கி 23 என்று போட்டுவிட்டது ஒரு தளம். ஏற, இறங்க ஆகட்டும் என்று அரை மணி நேரத்தை அதோடு கூட்டி 52 ஆக்கியிருக்கிறது மற்றொன்று. அந்தப் பாதையில் எந்த விமானம் போகிறது என்று இரண்டுமே பார்க்கவில்லை. 800 கி.மீ. என்பது பெரிய ஜெட் விமானத்தின் வேகம். சிறிய விமான நிலையங்களுக்குப் பெரும்பாலும் வருவது ஏ.டி.ஆர். 72 மாதிரியான டர்போபிராப். இறக்கைக்கு ஒன்றாகப் பெரிய விசிறி சுற்றுமே, அதுதான். அது மேலே போய் நிதானத்துக்கு வந்த பிறகும் மணிக்கு 500 கி.மீ. அளவில்தான் ஓடும்.

அந்த 500-ஐயும் எல்லா நேரமும் பிடிக்க முடியாது. உங்கள் 300 கி.மீ. பயணத்தையே எடுத்துக்கொள்வோம். விமானம் நேர்கோட்டில் போவதில்லை. ஏ.டி.சி. (வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு) கொடுத்த வழிப்புள்ளிகளைத் தொட்டுக்கொண்டு போகும். நடுவில் ராணுவத்துக்கு ஒதுக்கிய வான்பகுதி இருந்தால் ஒதுங்கிப் போகும். ஆக, நடைமுறையில் 330 கி.மீ. என்று வையுங்கள். 17,000 அடிக்கு ஏற கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். ஏறும்போது வேகம் குறைவு. அதற்குள் 100 கி.மீ. போல் கடந்திருக்கும். இறங்குவதற்கு விமானிகள் மனதிலேயே போடும் ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு 1,000 அடிக்கும் 3 கடல் மைல். 17,000 அடி என்றால் 51 கடல் மைல், அதாவது 94 கி.மீ. முன்பே இறக்கத்தைத் தொடங்கிவிட வேண்டும்.

330-இல் ஏற்றத்துக்கு 100, இறக்கத்துக்கு 94 போனால் மிச்சம் 136 கி.மீ. அதை 500 கி.மீ. வேகத்தில் கடக்க 16 நிமிடம். முழு வேகத்தில் நீங்கள் பறப்பது அவ்வளவுதான். காபி கொடுக்கும் தள்ளுவண்டி பாதி வரிசை வருவதற்குள் அடுத்த அறிவிப்பு வந்துவிடுகிறது என்று அலுத்துக்கொள்கிறோமே, காரணம் இதுதான்.

இனி கூட்டிப் பார்ப்போம். ஏற 16 நிமிடம், சமமாகப் பறக்க 16, இறங்க 13, ஓடுபாதைக்கு நேராக வந்து தரையைத் தொட 5. வானத்தில் இருப்பது 50 நிமிடம். தரையில் நகர்வதற்கு இரண்டு முனையிலும் சேர்த்துப் பத்துப் பதினொரு நிமிடம். ஒரு மணி நேரத்தைத் தொட்டாயிற்று. மீதி உள்ள 14 நிமிடம் நிறுவனம் தனக்காக வைத்துக்கொண்ட இடைவெளி. எதிர்க்காற்று, வரிசையில் காத்திருப்பது, முன்னால் ஒரு விமானம் மெதுவாக இறங்குவது எல்லாம் இதிலிருந்துதான் செலவாக வேண்டும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் கணக்கில், கதவுக்கு வந்து சேர 15 நிமிடத்துக்கும் குறைவாகத் தாமதமானால் அது ‘சரியான நேரம்’தான். அதற்கு மேல் இப்படி ஓர் இடைவெளியும் சேர்ந்தால், ‘எங்கள் விமானங்கள் நேரம் தவறுவதில்லை’ என்று விளம்பரம் போடுவது அவ்வளவு கஷ்டமில்லை.

டிக்கெட்டில் இருக்கும் நேரம் எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சக்கரத்துக்கு அடியில் வைத்த கட்டையை எடுத்து விமானம் நகரும்போது தொடங்கும். மறுமுனையில் நின்று மறுபடி கட்டை வைக்கும்போது முடியும். இடையில் எங்கள் பதிவேட்டில் நான்கு நேரங்கள் ஏறும்: நகர்ந்தது, தரையை விட்டது, தரையைத் தொட்டது, நின்றது. பெரிய விமானங்களில் பிரேக்கிலும் சக்கரத்திலும் கதவிலும் உள்ள உணரிகளே இதை அனுப்பிவிடும். சின்னவற்றில் விமானி கையால் எழுதிக் கொடுப்பார். பயணி கைக்கடிகாரத்தைப் பார்ப்பது இரண்டாவதிலிருந்து மூன்றாவது வரை. டிக்கெட் பேசுவது முதலிலிருந்து நான்காவது வரை. சண்டையெல்லாம் இங்கேதான் கிளம்புகிறது.

கேள்வி: சின்ன விமான நிலையத்தில் கூட்டமே இல்லையே. தரையில் நகர எதற்கு அத்தனை நிமிடம்?
— அதே வாசகி, அடுத்த கடிதத்தில்

பதில்: கூட்டம் இல்லை, சரி. ஆனால் பல இடங்களில் டாக்ஸிவேயும் முழு நீளத்துக்கு இருக்காது. பெரிய நிலையங்களில் ஓடுபாதைக்குப் பக்கவாட்டிலேயே இன்னொரு பாதை ஓடும். விமானம் அதில் போய் ஓடுபாதையின் முனையில் ஏறிக்கொள்ளும். சிறிய நிலையத்தில் நடுவில் ஒரு சின்ன இணைப்புதான். அதன் வழியே ஓடுபாதைக்கு வந்து, அதிலேயே எதிர்த்திசையில் முனை வரை ஊர்ந்து போய், அங்கே உள்ள அகலமான இடத்தில் முழுதாகத் திரும்பி, அதன் பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். மணிக்கு 37 கி.மீ. வேகத்தில் 1,800 மீட்டர் ஊர்ந்தால் மூன்று நிமிடம். அந்த நேரம் வரைக்கும் வேறு எந்த விமானமும் அந்த ஓடுபாதையில் இறங்க முடியாது. மேலே ஒன்று வந்துவிட்டால் அது வட்டமடிக்கும். வட்டம் என்றால் இரண்டு நீண்ட பக்கங்களும் இரண்டு திருப்பங்களும், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். ஒரு சுற்றுக்கு நான்கு நிமிடம் போயிற்று.

ஓடுபாதையின் எந்த முனையைப் பயன்படுத்துவது என்பதைக் காற்று தீர்மானிக்கும். விமானம் காற்றுக்கு எதிராகத்தான் ஏறும், எதிராகத்தான் இறங்கும். நீங்கள் கிழக்கே போக வேண்டும், காற்று மேற்கிலிருந்து பலமாக வீசுகிறது என்றால், முதலில் மேற்கே கிளம்பி, அப்புறம் வளைந்து கிழக்கே திரும்ப வேண்டும். இறங்கும் இடத்திலும் அதே மாதிரி ஊரைத் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டியிருக்கும். இந்தச் சுற்றுக்குப் பத்து நிமிடம் போனால், 8 மணி நேரப் பயணத்தில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். 50 நிமிடப் பயணத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு.

கேள்வி: ஒரே இரண்டு ஊருக்கு நடுவே தூரம் 300 என்கிறது ஒரு தளம், 186 என்கிறது இன்னொன்று, 162 என்கிறது மூன்றாவது. எதற்கு இந்தக் குளறுபடி?
— ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர்

பதில்: ஐயா, மூன்றும் ஒன்றுதான். முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது சாலைக்குப் பயன்படும் சாதாரண மைல், மூன்றாவது கடல் மைல். கடல் மைல் என்பது 1,852 மீட்டர். அட்சரேகையில் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்கு ஏறக்குறைய அவ்வளவு வரும். அதனால் வரைபடத்தின் ஓரத்தில் உள்ள பாகைக் கோடுகளையே அளவுகோலாக வைத்துக்கொண்டு தூரம் அளக்கலாம். கப்பல்காரர்கள் செய்ததை விமானக்காரர்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம். நாட் என்ற வேகமும் அதே வழியில் வந்தது, மணிக்கு ஒரு கடல் மைல்.

கிலோமீட்டரிலேயே ஒரு தளம் 299 என்றும் இன்னொன்று 300 என்றும் சொன்னால், பூமியை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதில்தான் வித்தியாசம். 6,371 கி.மீ. ஆரமுள்ள சரியான உருண்டை என்று வைத்துக் கணக்குப் போடுவது சுலபம். பள்ளிக்கூட சைன், கொசைனே போதும், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உண்மையில் பூமி நடுவில் கொஞ்சம் பருத்தது. பூமத்திய ரேகையில் ஆரம் 6,378, துருவத்தில் 6,357. இதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் விடை அரை சதவீதத்துக்குள் மாறும். 300 கிலோமீட்டரில் அது ஒன்றரைக்கு மேல் போகாது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மையம் என்று ஓர் அதிகாரபூர்வப் புள்ளி உண்டு, அளப்பது அதிலிருந்துதான். நீங்கள் ஏறும் கதவு அந்தப் புள்ளியில் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை.

வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளப்பதை மட்டும் செய்யாதீர்கள். பூமத்திய ரேகையில் தீர்க்கரேகை ஒரு பாகைக்கு 111 கி.மீ. 60-ஆவது அட்சரேகைக்குப் போனால் அதில் பாதிதான். சுவரில் தொங்கும் செவ்வக வரைபடம் இரண்டையும் ஒரே அகலத்தில் காட்டும்.

கேள்வி: போகும்போது 1 மணி 10 நிமிடம், வரும்போது 1 மணி 25 நிமிடம். அதே விமானம், அதே பாதை. காற்று என்கிறார்கள். போகும்போது கிடைத்த லாபமும் வரும்போது வந்த நஷ்டமும் கழிந்துபோக வேண்டாமா?
— பொறியியல் மாணவர்

பதில்: கழியாது தம்பி. நஷ்டம்தான் எப்போதும் ஜெயிக்கும். 300 கி.மீ., விமானத்தின் வேகம் 500, காற்று 100 என்று எடுத்துக்கொள். காற்றே இல்லாவிட்டால் போக 36, வர 36, மொத்தம் 72 நிமிடம். பின்காற்றில் 600 வேகம், 30 நிமிடம். எதிர்க்காற்றில் 400 வேகம், 45 நிமிடம். மொத்தம் 75. போகும்போது லாபம் 6, வரும்போது நஷ்டம் 9. எதிர்க்காற்றுக்குள் நீ அதிக நேரம் இருக்கிறாய். அதனால் அது உன்னை அதிக நேரம் பிடித்துத் தள்ளுகிறது.

பக்கக் காற்றும் சும்மா விடாது. நேர்கோட்டில் போக வேண்டுமென்றால் மூக்கைக் காற்றுப் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்துப் பறக்க வேண்டும். வேகத்தில் ஒரு பகுதி அதற்கே போய்விடும். இப்படி இருவழியும் பக்கக் காற்று வீசினால் போக, வர இரண்டுமே நீளும்.

கேள்வி: இரண்டு ஊருக்கு நடுவே பறக்கும் நேரம் 41 நிமிடம் என்று தளத்தில் பார்த்து, டிக்கெட் தேடினேன். நேரடி விமானமே இல்லை. பெரிய நகரத்துக்குப் போய் மாறி, மொத்தம் 6 மணி நேரம். தளத்தில் பொய் போடுவார்களா?
— இல்லத்தரசி

பதில்: பொய் என்று சொல்ல முடியாதம்மா. அந்தத் தளத்தில் எந்த இரண்டு விமான நிலையத்தைக் கொடுத்தாலும் ஒரு விடை வரும். அதனிடம் இருப்பது அட்சரேகை, தீர்க்கரேகைப் பட்டியல் மட்டும். அங்கே ஓடுபாதை புல் முளைத்துக் கிடந்தாலும் அதற்குத் தெரியாது. அது சொல்வதைத் தூரத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விமானம் இருக்கிறதா என்பதற்கு அந்த விமான நிலையத்தின் வருகை, புறப்பாட்டுப் பலகையைப் பாருங்கள். பெரும்பாலான நிலையங்கள் அதை இணையத்திலேயே போடுகின்றன. ஒரு நாளைப் பார்த்தால் போதாது, வாரம் முழுக்கப் பாருங்கள். செவ்வாய், வியாழன், சனி மட்டும் ஓடுகிற விமானங்கள் சின்ன ஊர்களில் சகஜம்.

தேடும்போது மூன்றெழுத்துக் குறியீட்டையும் சரிபாருங்கள். ஒரே பெயரில் ஊர்கள் நிறைய. ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குப் போவதாக நினைத்து டிக்கெட் எடுத்து, கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் உள்ள சிட்னியில் போய் இறங்கிய பயணிகள் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் உண்டு. அங்கே இருப்பது ஒரு சிறிய நிலையம். ஆஸ்திரேலியாவுக்குக் குறியீடு எஸ்.ஒய்.டி., கனடாவுக்கு ஒய்.க்யூ.ஒய். தூரம் காட்டும் தளத்தில் இந்த எழுத்துகளைப் போட்டிருந்தாலே கிலோமீட்டர் காட்டிக் கொடுத்திருக்கும். இந்தத் தளங்களால் நிஜமான உபயோகம் என்று நான் நினைப்பது இதைத்தான்.

மாறிப் போகும் பயணத்தில் தூரத்துக்குச் சட்ட ரீதியாகவும் ஒரு வேலை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, நீண்ட தாமதத்துக்கான இழப்பீடு தூரத்தைப் பொறுத்தது. 1,500 கி.மீ. வரை 250 யூரோ என்று ஆரம்பித்துப் படிப்படியாக ஏறும். நீங்கள் சுற்றிப் போன தூரத்தை இதற்குக் கணக்கில் எடுப்பதில்லை. கிளம்பிய நிலையத்துக்கும் கடைசியாகச் சேர வேண்டிய நிலையத்துக்கும் நடுவே பூமியின் மேல் எடுத்த மிகக் குறுகிய தூரம்தான் கணக்கு. 2017-இல் அங்குள்ள நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. இன்னொன்றும் அதே நீதிமன்றம் 2014-இல் சொன்னது: விமானம் வந்து சேர்ந்த நேரம் என்பது சக்கரம் தரையைத் தொட்ட நேரம் இல்லை, ஒரு கதவாவது திறந்து பயணிகள் வெளியேறலாம் என்ற நேரம்தான். தரையைத் தொட்டவுடன் பெட்டியை எடுத்துக்கொண்டு நடைபாதையில் நிற்கிறவர்கள் இந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும்.

கேள்வி: விமானத்தைத் தொடரும் செயலியில் அண்ணன் வந்த விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்குவதற்குச் சற்று முன் காணாமல் போய்விட்டது. பயந்தே போனேன்.
— பள்ளி மாணவி

பதில்: பயப்படாதே. விமானம் தன் இடத்தை ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும். அதைக் கேட்டுச் செயலிக்கு அனுப்புகிறவை தரையில் உள்ள கருவிகள். அந்த ரேடியோ அலை நேர்ப்பார்வையில்தான் போகும். உயரத்தில் இருக்கும்போது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டியும் எட்டும். தாழ இறங்கியதும் மலையோ, பூமியின் வளைவோ மறைத்துவிடும். பெரிய ஊர்களில் பக்கத்திலேயே கருவி இருக்கும். சின்ன நிலையத்துக்கு அருகில் யாரும் வைக்காவிட்டால் கடைசிச் சில ஆயிரம் அடி இருட்டுதான். செயலி காட்டும் கடைசி நிமிடத்தோடு பத்து நிமிடம் சேர்த்துக்கொண்டு அண்ணனுக்குப் போன் பண்ணு.

கேள்வி: 9.40-க்குக் கிளம்பி 9.25-க்குச் சேருவதாக ஒரு டிக்கெட்டில் பார்த்தேன். அச்சுப் பிழைதானே?
— அஞ்சல் அட்டையில் வந்தது

பதில்: இல்லை. கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் கடிகாரம், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரம். நடுவில் நேர எல்லையைத் தாண்டினால் இப்படி வரும். இங்கே எல்லை ஒரு மணி நேரம் என்றால் பயணம் 45 நிமிடம். ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் நிலையத்தில் இன்னும் வேடிக்கை. ஓடுபாதையே இரண்டு மாநிலங்களின் எல்லையில் குறுக்கே கிடக்கிறது. கோடைக்காலத்தில் ஒரு மாநிலம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும், மற்றதான குவின்ஸ்லாந்து தள்ளாது. விமானங்கள் மட்டும் குவின்ஸ்லாந்து நேரப்படி ஓடும்.

கேள்வி: உலகிலேயே மிகக் குறைந்த தூர விமானப் பயணம் எது?
— போட்டித் தேர்வுக்குத் தயாராகும் இருவர், தனித்தனியாக

பதில்: ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னி தீவுகளில், வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு. தூரம் 2.7 கி.மீ. லோகன்ஏர் 1967-இலிருந்து ஓட்டுகிறது. எட்டுப் பேர் உட்காரும் ஐலேண்டர் விமானம். அட்டவணையில் 2 நிமிடம், சாதனை 53 விநாடி. லண்டன் ஹீத்ரோவின் வடக்கு ஓடுபாதை ஏறக்குறைய 3.9 கி.மீ. நீளம், அதில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போவதைவிட இந்தப் பயணம் குறைவு. இணையதளத்தின் அந்த 800, அரை மணி நேரச் சூத்திரத்தை இதற்குப் போட்டுப் பாருங்கள், 30 நிமிடம் வரும்.

ஸ்காட்லாந்திலேயே பாரா என்ற தீவில் விமானம் கடற்கரை மணலில் இறங்குகிறது. கடல் ஏறும்போது ஓடுபாதை தண்ணீருக்குள் போய்விடும். அதனால் விமான அட்டவணை கடலின் ஏற்ற இறக்கத்தை அனுசரித்து மாறும். இதுவும் தேர்வில் வரலாம்.

கேள்வி: ரயிலோ காரோ 4 மணி நேரம். விமானம் 1 மணி நேரம். எதில் போகலாம்?
— சிறுதொழில் செய்பவர்

பதில்: விமானம் 1 மணி நேரம் என்பதை முதலில் எடுத்து வையுங்கள். வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் வாசல் வரை கணக்குப் போடுங்கள். சின்ன நிலையத்தில் ஒரு சௌகரியம், உள்ளே அதிகம் நடக்க வேண்டாம், பெட்டி சீக்கிரம் வந்துவிடும். ஆனால் கவுன்டர் மூடும் நேரத்தில் சலுகை கிடையாது. அங்கே வேலை பார்க்கும் ஆட்கள் குறைவு என்பதால் கண்டிப்பு இன்னும் அதிகமாகத்தான் இருக்கும். நான் இருந்த ஒரு நிலையத்தில், கவுன்டரில் உங்கள் பெட்டியை எடை போட்ட பெண்தான் பிறகு வாசலில் நின்று போர்டிங் பாஸ் கிழிப்பார். கடைசிப் பயணி ஏறியதும் மஞ்சள் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு வெளியே ஓடி, தலையில் ஹெட்செட்டோடு விமானத்தின் மூக்கடியில் நின்று கட்டையை எடுக்கச் சொல்வதும் அவர்தான். நடுவில் என் மேசைக்கு வந்து, எந்த வரிசையில் எத்தனை பேர், முன் அறையில் எத்தனை கிலோ என்று சொல்லிவிட்டுப் போவார். அதை வைத்து லோட் ஷீட் என்ற எடைக் கணக்குத் தாள் போட்டு விமானியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவர் கவுன்டரை மூடியது மூடியதுதான். தாமதமாக வந்த ஒருவருக்காக அதைத் திறந்தால், இந்த வரிசை முழுவதும் ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளும்.

அப்புறம், நேரத்தை மட்டும் கேட்காமல் ஒரு நாளைக்கு எத்தனை விமானம் என்று கேளுங்கள். என் அனுபவத்தில் தூரத்தைவிட, வேகத்தைவிட இதுதான் முக்கியம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று இருந்தால், காலை விமானம் ரத்தானாலும் நாள் முழுசாகப் போகாது. ஒன்றே ஒன்று என்றால் யோசியுங்கள். சிறிய நிலையங்கள் பலவற்றில், மூடுபனியிலும் விமானத்தை ஓடுபாதை வரை வழிகாட்டிக் கொண்டுவரும் துல்லியமான கருவிகள் இருக்காது. குறிப்பிட்ட உயரம் வரை இறங்கியும் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாவிட்டால் விமானி மேலே ஏறிவிட வேண்டும். அதற்காகவே மாற்று நிலையத்துக்குப் போகிற எரிபொருளும், அதற்கு மேல் ஜெட், டர்போபிராப் இரண்டுக்கும் 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் சுற்றும் அளவு இறுதிக் கையிருப்பும் ஏற்றிக்கொண்டுதான் கிளம்புவோம். குறுகிய பயணங்களில் பாதைக்கான எரிபொருளைவிட இந்தக் கையிருப்புகள் அதிகமாக இருப்பதும் உண்டு. பத்திரத்துக்குக் குறைவில்லை. ஆனால் மாற்று நிலையத்தில் இறங்கினால் உங்கள் 4 மணி நேரக் கார் பயணம் அங்கிருந்து ஆரம்பிக்கும்.

பறக்கும் நேரம் குறைந்து மொத்த நேரம் கூடுவதற்கு நேபாளத்தின் லுக்லாவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. எவரெஸ்ட் பக்கம் நடைபயணம் போகிறவர்கள் இறங்கும் நிலையம். உயரம் ஏறக்குறைய 2,845 மீட்டர், ஓடுபாதை 527 மீட்டர், அதுவும் மேட்டில் சாய்வாக. காட்மாண்டுவிலிருந்து பறந்தால் அரை மணி நேரம் போல் ஆகும். கூட்டம் அதிகமான மாதங்களில் காட்மாண்டுவில் நெரிசல் தாங்காமல், பல விமானங்களை ராமேச்சாப் என்ற சிறிய நிலையத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். அங்கிருந்து லுக்லா இருபது நிமிடத்துக்குள். கேட்க நன்றாக இருக்கிறது. ராமேச்சாப் போய்ச் சேர காட்மாண்டுவிலிருந்து நாலைந்து மணி நேரம் மலைச் சாலையில் போக வேண்டும். மதியமானால் லுக்லாவில் காற்று கிளம்பிவிடும் என்பதால் விமானங்கள் காலையிலேயே. ஆகவே நடுராத்திரியில் வண்டி ஏற வேண்டியதுதான். தூரம் காட்டும் தளத்தில் இது ‘குறுகிய பாதை’.

உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில்: ஒரு நாளைக்கு இரண்டு விமானமாவது இருந்து, உங்களுக்கு அன்றே திரும்ப வேண்டுமென்றால் விமானம். ஒன்றுதான் என்றால், அதுவும் பனிக்காலம் என்றால், ரயில். பிரான்சில் ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய சில உள்நாட்டுப் பாதைகளில் 2023-இல் விமானத்துக்கே தடை போட்டார்கள். காரணம் சுற்றுச்சூழல். ஏறுவதற்குத்தான் எரிபொருள் அதிகம் செலவாகும். தூரம் குறையக் குறைய ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் புகை கூடும். நான் விமானத்தை வைத்துச் சம்பாதித்தவன்தான், இருந்தாலும் அந்தத் தடையில் தப்பு சொல்ல மாட்டேன்.

கேள்வி: ஏ.டி.ஆர். விமானத்தில் எந்த இடம் நல்லது? முதல் வரிசைக்குக் கூடுதலாகக் காசு கேட்கிறார்கள்.
— பேரன் வீட்டுக்குப் போகும் பாட்டி

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. அந்த விமானத்தில் பயணிகள் ஏறும் கதவு பின்பக்கம் இருக்கிறது. சரக்கு அறைதான் முன்னால். எல்லோரும் பின்னால் ஏறுவதால் வால் பக்கம் பாரம் கூடி மூக்கு தூக்கிவிடாமல் இருக்க, வாலுக்கு அடியில் ஒரு தாங்கு கம்பி வைத்திருப்பார்கள். படியில் ஏறும்போது பாருங்கள். முதல் வரிசைக்குப் போனால் நடையும் அதிகம், இறங்கும்போது கடைசி ஆளும் நீங்கள்தான். விசிறிகளும் முன்பாதியில் இருப்பதால் இரைச்சலும் அங்கேதான் கூடுதல். இறக்கை தலைக்கு மேல் இருப்பதால் எந்த ஜன்னலிலிருந்தும் கீழே நன்றாகத் தெரியும். கடைசியிலிருந்து இரண்டு, மூன்றாம் வரிசையில் ஜன்னலோரம் கேளுங்கள்.